கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு: சமூக ஊடகத்துக்கு வரும் சிறு மருத்துவமனைகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

நம் ஊர்ப்பக்கம் பத்து, பதினைந்து படுக்கைகளோடு நடக்கும் மருத்துவமனைகள் பலவும் ஒரு குடும்பத்தின் கையில்தான் இருக்கின்றன. அய்யா பொது மருத்துவர், அம்மா மகப்பேறு மருத்துவர். கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு. “நாமும் ஒரு பேஜ் ஆரம்பிக்கணும்” என்ற பேச்சு என்றாவது ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எழும். மாதம் இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ் என்று விலைப்பட்டியலோடு யாராவது வந்து நிற்பார்கள். அவர்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் எல்லாரும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பதறிப்போய்க் கேட்கும் வீட்டாருக்குச் சரியான பதில் உடனே கிடைக்க வேண்டும்; படுக்கையில் கிடப்பவரின் முகம் யாருக்கும் காட்சிப்பொருள் ஆகக் கூடாது. நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்ற விவரம்.

1. எந்தப் பக்கத்தையும் திறப்பதற்கு முன் ரிசப்ஷனில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். ஒரு வாரம் முழுக்க, போனிலும் நேரிலும் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்கட்டும். “டாக்டரம்மா இன்னைக்கு இருக்காங்களா?”, “டோக்கன் எத்தனை மணிக்குப் போடுவீங்க?”, “வெறும் வயித்துல வரணுமா?”, “கலைஞர் காப்பீடு எடுப்பீங்களா?”, “ராத்திரி வலி வந்தா பார்ப்பீங்களா?”, “ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும்?” ஏழாவது நாள் எடுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருபவை இருபது கேள்விகளுக்கு மேல் இருக்காது. உங்களுடைய முதல் மூன்று மாதப் பதிவுகள் அந்த நோட்டிலேயே இருக்கின்றன. விளம்பர நிறுவனம் எழுதித் தரும் எந்த வாசகத்தையும்விட இந்தக் கேள்விகளுக்கான பதில்களைத்தான் ஊர் தேடிப் படிக்கும்.

2. முதலில் கூகுள் மேப். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அப்புறம். நடுராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்று பையன் போனை எடுத்தால் தேடுவது கூகுளில்தான். உங்கள் மருத்துவமனை அங்கே ஏற்கெனவே இருக்கக்கூடும். யாரோ போகிற போக்கில் குறித்துவிட்டுப் போனதாக, பெயர் பிழையோடு, பழைய எண்ணோடு, பின்பக்கத் தெருவைக் காட்டியபடி இருக்கும். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்ற இலவச வசதி வழியாக அதை உங்கள் பெயருக்கு உரிமை கோரிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கைத் திருத்துங்கள்: பெயர், எடுக்கப்படும் தொலைபேசி எண், ஆம்புலன்ஸ் நுழையும் வாசல் எந்தப் பக்கம், நேரம்.

நேரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக ‘24 மணி நேரமும்’ என்று போட்டுவிடாதீர்கள். ராத்திரி ஒரு சிஸ்டரும் ஒரு வாட்ச்மேனும் மட்டும் இருக்கும் இடத்துக்கு மாரடைப்பு நோயாளியை அழைத்து வந்துவிட்டால், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டிய அரைமணி நேரம் வீணாகிறது. “இரவில் டூட்டி டாக்டர் உண்டு. பிரசவம் பார்க்கப்படும். ஐ.சி.யூ. இல்லை” என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இல்லாததை இல்லை என்று எழுதும் மருத்துவமனை மேல்தான் மக்களுக்கு நம்பிக்கை வரும்.

3. வாட்ஸ்அப்புக்குத் தனி சிம், தனி போன். டாக்டரின் சொந்த எண்ணை ஒருமுறை ஊருக்குக் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். சிறு மருத்துவமனைக்கு அதுவே போதும். முதல்முறை எழுதுகிறவருக்குத் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி, ஆள் இல்லாத நேரத்துச் செய்தி, அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த பதில்கள் ஆகிய மூன்றையும் ஒரு மதிய நேரத்தில் அமைத்துவிடலாம். முதல் குறிப்பில் சொன்ன நோட்டை இங்கே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் இல்லாத நேரத்துச் செய்திக்கு ஒரு மாதிரி:

“வணக்கம். இந்த எண்ணில் காலை 9 முதல் இரவு 8 வரை பதில் சொல்வோம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, கை கால் வராமல் போவது, ரத்தப்போக்கு, விபத்து, பாம்புக்கடி என்றால் இங்கே காத்திருக்க வேண்டாம். உடனே 108க்கு அழையுங்கள். பிரசவ வலி என்றால் எங்கள் லேண்ட்லைனுக்குக் கூப்பிடுங்கள்.”

அவசரத்துக்கு வாட்ஸ்அப் ஆகாது என்பதை அந்த வாட்ஸ்அப்பே சொல்லிவிட வேண்டும். இதைப் பகலிலும் ஒருமுறை அனுப்பிப் பார்த்து, சின்னத் திரையில் ‘மேலும் படிக்க’ என்று மடங்காமல் 108 என்ற எண் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். படவில்லை என்றால் அந்த வரியை முதலில் வையுங்கள்.

4. நோயாளிகளை வைத்து வாட்ஸ்அப் குரூப் தொடங்கவே வேண்டாம். “சுகர் பேஷண்ட்ஸ்”, “நம்ம கர்ப்பிணித் தாய்மார்கள்” என்று குரூப் போடுவது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் குரூப்பில் உள்ள ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். சிற்றூரில் எண் தெரிந்தால் ஆள் தெரியும்; குரூப்பின் பெயர் நோயைச் சொல்லிவிடும். குழந்தையின்மைக்கும் மனநலத்துக்கும் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இதனால் வரும் சங்கடம் கல்யாணப் பேச்சு வரை போகும். அதற்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் வையுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அவரவருக்குத் தனிச்செய்தியாகவே போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதால், டிஸ்சார்ஜ் ஆகும்போதே “இந்த நம்பரை சேவ் பண்ணிக்கங்கம்மா” என்று கேஷ் கவுண்டரில் சொல்லச் சொல்லுங்கள். “செய்தி அனுப்பலாமா?” என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல் இன்னும் எளிது. பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை இன்னொருவர் பார்க்க முடியாது.

5. எல்லா இடத்திலும் இருக்க ஆசைப்படாதீர்கள். முதல் ஆறு மாதத்துக்குக் கூகுளும் வாட்ஸ்அப்பும் போதும். கை பழகியபின் யூடியூப் அல்லது ஃபேஸ்புக், இரண்டில் ஒன்று. ஐந்து இடத்தில் கணக்கு தொடங்கி நான்கைத் தூசி படிய விடுவதில் ஒரு ஆபத்து உண்டு: கவனிக்காத பக்கத்திலும் யாராவது அவசரத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

6. கணக்கு யார் பெயரில்? பெரும்பாலும் தம்பி மகனோ, லேபில் வேலை செய்யும் பையனோ தன் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்துவிடுவார். அவர் வேலை மாறிப் போனதும் பக்கமும் போய்விடும். மருத்துவமனை பெயரில் ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் டாக்டர் வீட்டு பீரோவில் ஒரு உறையில். நிர்வாகியாக எப்போதும் இரண்டு பேர். எல்லாக் கணக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பு. வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றைக்கே நீக்கிவிடுங்கள். வெளி நிறுவனத்திடம் கொடுத்தால், பக்கமும் படங்களும் வீடியோக்களும் மருத்துவமனைக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். நோயாளிகள் செய்தி அனுப்பும் வாட்ஸ்அப் போனை எக்காரணம் கொண்டும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

7. நோயாளியின் படம். இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க நெறி விதிகள், ஆள் அடையாளம் தெரியும்படி ஒரு நோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவர் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்கின்றன. அனுமதி என்றால் எது? ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கும் கையெழுத்துக்குள் இதையும் சேர்த்து வாங்குவது அனுமதி ஆகாது. டாக்டர் முன்னால் படுத்திருப்பவரிடம் “ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டால், முடியாது என்று அவர் எப்படிச் சொல்வார்? நாளை டிரிப்ஸ் ஏற்றப் போகிறவரும் தையல் பிரிக்கப் போகிறவரும் நீங்கள்தானே. கேட்பதாக இருந்தால் வீட்டுக்குப் போய்த் தேறியபின், மறுபரிசோதனைக்கு வரும் நாளில், டாக்டர் அல்லாத ஒருவர் கேட்க வேண்டும். தனித் தாளில், தமிழில், படம் எங்கெங்கே வரும், எவ்வளவு காலம் இருக்கும், பின்னால் வேண்டாம் என்றால் நாங்கள் எடுத்துவிடுவோம், ஆனால் மற்றவர்கள் பகிர்ந்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வீட்டார் ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டுங்கள்.

பிறந்த குழந்தையும் நோயாளிதான். “எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்த செல்லம்” என்று போடுவது அழகாக இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. தகப்பன் சரி என்று சொல்லி, தாய்க்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வீர்கள்?

மனநல சிகிச்சை, எச்.ஐ.வி., பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை, கருக்கலைப்பு: இந்த நான்கிலும் கேட்கவே வேண்டாம், எதையும் போடவே வேண்டாம். முதல் மூன்றுக்கும் தனித்தனிச் சட்டங்களே இருக்கின்றன. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் எச்.ஐ.வி. சட்டம், 2012இன் போக்சோ.

என் யோசனை கேட்டால், முதல் ஓராண்டு நோயாளி படம் ஒன்றுகூட வேண்டாம். டாக்டரும் சிஸ்டரும் பேசினாலே பக்கம் நிறைந்துவிடும்.

8. முகத்தை மறைத்தால் போதாது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களின் மூலையில் பெயர், வயது, தேதி, எண் எல்லாம் அச்சாகியிருக்கும். ஐ.சி.யூ. மானிட்டரில் பெயர் ஓடும். நர்ஸ் மேசைக்குப் பின்னால் உள்ள வெள்ளைப் பலகையில் எந்தப் படுக்கையில் யார் என்று எழுதியிருக்கும். கேஸ் ஷீட், குழந்தையின் கைப்பட்டை, டோக்கன் ரெஜிஸ்டர், நடையில் காத்திருக்கும் சொந்தக்காரரின் முகம். போன் கேமரா எல்லாவற்றையும் தெளிவாகப் பிடித்துவிடும். இதற்கு எளிய வழி, மருத்துவமனையில் ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து வெளிர் நிறம் அடித்து, படம், வீடியோ எதுவானாலும் அங்கே மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொள்வதுதான். வார்டுக்குள் கேமரா வேண்டாம்.

பெயர் சொல்லாமல் எழுதினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடும் ஊர் நம் ஊர். “நேற்று நள்ளிரவு, பக்கத்துக் கிராமத்திலிருந்து பூச்சிமருந்து குடித்த 22 வயதுப் பெண்ணைக் காப்பாற்றினோம்” என்ற ஒரு வரி போதும். விடிவதற்குள் அந்தப் பெண் யாரென்று டீக்கடையில் தெரிந்திருக்கும். ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நோயை மட்டும் சொல்லுங்கள்.

9. ஊழியர்களின் போன். பிரசவ வார்டிலிருந்து செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் சின்ன வயது சிஸ்டருக்கு, அது தப்பு என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். திட்டுவதற்கு முன் கற்றுக்கொடுங்கள். அமெரிக்காவில் 2010இலேயே சமூக ஊடகத்துக்கென்று தனி மையம் தொடங்கிய மேயோ கிளினிக்கில், இதற்கான முழு விதியையும் பன்னிரண்டே ஆங்கிலச் சொற்களில் அடக்கினார்கள். அதன் சாரம் இது: பொய், பிறர் விஷயத்தைத் துருவிப் பார்ப்பது, ஏமாற்று, திருட்டு, ரகசியத்தை வெளியிடுவது எதுவும் கூடாது, போட்டதை முழுதாக அழிக்கவும் முடியாது. உங்கள் ஊழியர் அறைக்கு இப்படி நான்கு வரி, பெரிய எழுத்தில், தமிழில் போதும். முப்பது பக்க விதிப்புத்தகத்தை யாரும் படிக்கப் போவதில்லை.

10. எதை எழுதக் கூடாது என்று சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளிகளை வலிந்து அழைப்பது ஒழுக்கக்கேடு என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. டாக்டருக்கு மட்டுமில்லை, நிறுவனத்துக்கும் சேர்த்தே. புதிதாகத் தொடங்குவது, முகவரி மாறுவது, விடுப்பில் போவது, திரும்பி வருவது, கட்டணம் போன்றவற்றை அறிவிக்கத் தடை இல்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடகத்தையும் சேர்த்துப் புது விதிகளை வெளியிட்டது. அதே மாதமே அவை நிறுத்தி வைக்கப்பட்டு, பழைய விதிகளே தொடர்வதாக அறிவிப்பு வந்தது. அந்தப் புது விதிகளில் சொன்ன நல்லதை நாமாகவே கடைப்பிடிக்க யார் தடுக்கப் போகிறார்கள்? விருப்பக்குறிகளையும் பின்தொடர்பவர்களையும் காசு கொடுத்து வாங்காதீர்கள், குணமானவர்களின் சாட்சியங்களைப் போடாதீர்கள்.

‘100% குணம்’, ‘நம்பர் 1’, ‘வலியே இல்லாத’ என்ற மூன்றையும் உங்கள் பக்கத்திலிருந்து விலக்கி வையுங்கள். சர்க்கரை, புற்றுநோய் உட்பட 54 நோய்களின் பட்டியல் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் உண்டு. அவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வது குற்றம். கர்ப்பகால ஸ்கேன் பற்றிய பதிவில் ஆணா பெண்ணா என்ற பேச்சின் நிழல்கூட விழக் கூடாது. நீலம், ரோஸ் நிறத்து பொம்மைப் படத்தைக்கூடத் தவிர்த்துவிடுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவின் பாலினம் சொல்வதாக விளம்பரம் செய்தால் சிறைத் தண்டனை உண்டு.

11. அதிகம் படிக்கப்படும் பதிவு எது தெரியுமா? “டாக்டரம்மா நாளை விடுப்பு.” இதை முந்தின நாள் மாலை 6 மணிக்குள் போட்டுவிடுங்கள். இருபது கிலோமீட்டர் தாண்டி, ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி வருபவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி உங்கள் பக்கத்தால் செய்ய முடியாது. மாதம் இருமுறை வரும் மூட்டு டாக்டர், தோல் டாக்டர் நாட்களையும் ஒன்றாம் தேதியே போட்டு, பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வையுங்கள்.

12. பருவம் பார்த்து எழுதுங்கள். உலக நாட்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வாழ்த்து அட்டை போடுவதைவிட, ஊரில் இப்போது எந்த நோய் என்று பார்த்து எழுதுவது பயன். மழை தொடங்கும் ஐப்பசியில் டெங்கு, தீபாவளிக்கு முந்தின வாரம் தீக்காயம், அறுவடைக் காலத்தில் பாம்புக்கடி, பங்குனி சித்திரையில் அம்மையும் வெயில் மயக்கமும், ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளின் சளி காய்ச்சல். ஒரு பதிவில் ஒரே விஷயம். தலைப்பைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று புரிய வேண்டும். இரண்டு மாதிரி தருகிறேன். உங்கள் டாக்டர் ஒருமுறை பார்த்துச் சரி சொன்னபின் அப்படியே பயன்படுத்தலாம்.

“நாய் கடித்துவிட்டதா? முதலில் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். கட்டுப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வீட்டு நாய், குட்டி நாய், சின்னக் கீறல் என்றாலும் வர வேண்டும். அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டு முடியுங்கள்.”

“காய்ச்சல் விட்டதும் டெங்கு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாட்களில்தான் ஆபத்து வரும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து படுத்துக்கொள்வது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே வாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.”

முதல் மாதிரியில் அரசு மருத்துவமனையைச் சொல்லியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லும் நிர்வாகி இருப்பார். எடுக்காதீர்கள். காசில்லை என்று ஊசியை நடுவில் விட்டுவிடுகிறவருக்கு, நோய் வந்தபின் வைத்தியம் கிடையாது.

இன்னொன்று: ஒவ்வொரு படத்திலும் மருத்துவமனையின் பெயரோடு மாதமும் ஆண்டும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் ஐந்தாறு வருடம் சுற்றும். தேதி இல்லாத இலவச முகாம் அறிவிப்பை நம்பி, முகாம் முடிந்த மறுவருடம் பாட்டிகள் வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

13. வீடியோவுக்கு ஸ்டூடியோ வேண்டாம். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். ஒரு நிமிடம் போதும். ஓ.பி.யில் பேசுகிற தமிழில் பேசுங்கள். உங்கள் நோயாளி ‘சுகர்’ என்றால் நீங்களும் சுகர் என்றே சொல்லுங்கள். பஸ்ஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகத் தமிழில் எழுத்து ஓடட்டும். மாத்திரைப் பெயரும் அளவும் வீடியோவில் வேண்டாம். கேட்டவர் தன் வயது, எடை, மற்ற நோய் எதையும் யோசிக்காமல் வாங்கிப் போட்டுவிடுவார்.

டாக்டர்தான் பேச வேண்டும் என்பதில்லை. இன்ஹேலரை எப்படி உறிஞ்சுவது என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. சிஸ்டர் செய்து காட்டினால் பார்த்ததும் புரிந்துவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடக் கூடாது. இன்சுலினை ஃப்ரிட்ஜின் கதவுப்பக்கத்திலோ நடுத்தட்டிலோ வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. குழந்தையை மார்போடு அணைக்கும் விதம் (இதற்குப் பொம்மை போதும்). வருடக்கணக்காக வார்டில் நின்ற மூத்த சிஸ்டர்களுக்கு இதெல்லாம் கைவந்தது. அவர்கள் பெயரைப் போட்டு, அவர்களைப் பேசவிடுங்கள்.

14. கமென்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். “சார், அம்மாவுக்கு சுகர் 320 இருக்கு, மாத்திரையைக் கூட்டலாமா?” என்று பொதுவில் கேட்பார்கள். “அய்யா, இதை அம்மாவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தலைசுற்றல், வாந்தி, மூச்சுவாங்கல், மயக்கம் இருந்தால் இப்போதே பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இல்லையென்றால் நாளை காலை வெறும் வயிற்றோடு, மாத்திரைச் சீட்டோடு வாருங்கள்” என்பதோடு நிறுத்துங்கள். அவர் தன் போன் எண்ணையும் ரிப்போர்ட்டையும் அங்கேயே போட்டிருந்தால் அந்தக் கமென்டை மறைத்துவிட்டுத் தனியாகப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் ஆலோசனை சொல்லவே கூடாது என்பதில்லை. 2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அதை அனுமதிக்கிறது. ஆனால் நோயாளி யார், வயது என்ன என்று உறுதி செய்ய வேண்டும், பதிவு வைக்க வேண்டும், சீட்டில் டாக்டரின் பதிவு எண் வேண்டும். அதுவும் ஒரு ஓ.பி.தான், அதற்கென்று தனி நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள்.

15. ஒற்றை நட்சத்திரம் வந்தால். “மூணு மணி நேரம் உட்கார வெச்சாங்க, யாரும் ஒரு வார்த்தை சொல்லல” என்று கூகுளில் எழுதியிருப்பார்கள். படித்ததும் கோபம் வரும். அன்று இரவு பதில் எழுத வேண்டாம். மறுநாள் எழுதும்போதும் அவர் உங்கள் நோயாளி என்று காட்டும் ஒரு சொல்லும் கூடாது. “உங்கள் அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை”, “உங்கள் பில் இன்னும் பாக்கி” என்றெல்லாம் எழுதினால், குறையைவிடப் பெரிய குற்றத்தை நீங்கள் செய்தவர் ஆகிறீர்கள். இப்படி எழுதலாம்: “நீங்கள் எழுதியதைப் படித்தோம். எங்கள் மருத்துவமனையில் யாருக்குக் குறை ஏற்பட்டாலும் நேரில் கேட்டுச் சரிசெய்ய விரும்புகிறோம். எங்கள் நிர்வாகி காலை 10 முதல் 1 வரை இந்த எண்ணில் பேசுவார்.” கூப்பிட்டால் நிஜமாகவே எடுத்துப் பேச ஆள் இருக்க வேண்டும்.

ஊழியர்களையும் சொந்தக்காரர்களையும் வைத்து ஐந்து நட்சத்திரம் போடவைப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரே நாளில் பத்துப் பாராட்டு, எல்லாமே ஒரே மாதிரி. அதில் செலவிடும் நேரத்தை வேறு ஒன்றுக்குக் கொடுங்கள். மாதம் ஒருமுறை குறைகளை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். கழிப்பறை என்று மூன்று பேர் எழுதியிருந்தால் அது கழிப்பறையைச் சரிசெய்யும் வேலை. செய்து முடித்ததும் “புதுத் தாழ்ப்பாள், கைப்பிடி, விளக்கு போட்டாயிற்று, சொன்னவர்களுக்கு நன்றி” என்று படத்தோடு போடுங்கள்.

16. ஒரு சாவு நடந்து, வாசலில் கூட்டம் கூடிய நாள் எந்த மருத்துவமனைக்கும் வரலாம். அன்றைக்கு முதல் வேலை, முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவுகளை எல்லாம் நிறுத்துவது. உறவினர் அழுதுகொண்டிருக்கும்போது உங்கள் பக்கத்தில் பண்டிகை வாழ்த்து தானாக வந்து விழுந்தால் அந்தக் காயம் ஆறவே ஆறாது. பேசுவது ஒரே ஒருவர். சிகிச்சை விவரம் எதுவும் பொதுவில் வேண்டாம். இறந்தவரின் ரகசியமும் ரகசியம்தான். ஊழியர் யாரும் தன் சொந்தக் கணக்கில் வாதாடக் கூடாது. வீட்டாரிடம் சொல்ல வேண்டியதை மூத்த டாக்டரே நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

17. ரத்தம் தேவை என்ற பதிவு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2021 மே மாதத்துக் கொரோனா அலையிலும், காலாவதியான கோரிக்கைகள் சுற்றிச் சுற்றி வந்து உதவ வந்தவர்களை அலைக்கழித்தன. ரத்த வகை, எத்தனை யூனிட், எந்த ரத்த வங்கி, தேதி, எத்தனை மணி வரை என்ற ஐந்தும் இருக்கட்டும். நோயாளி பெயரும் நோயும் வேண்டாம். தொடர்புக்கு மருத்துவமனை எண். வீட்டார் எண்ணைப் போட்டால் வருடக்கணக்கில் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கிடைத்ததும் “கிடைத்துவிட்டது, நன்றி” என்று திருத்துங்கள்.

18. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு நேரம் கொடுங்கள். ரிசப்ஷனில் டோக்கன், பில், போன் மூன்றையும் பார்க்கும் பெண்ணிடமே வாட்ஸ்அப்பையும் கொடுத்துவிட்டு “பதில் ஏன் லேட்?” என்று கேட்பது நியாயமில்லை. தினம் இரண்டு முறை அரைமணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். ராத்திரி அந்த போன் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது. சம்பளத்தில் இந்த வேலைக்கும் ஒரு தொகை சேருங்கள். மருத்துவக் கேள்வி வந்தால் யாரிடம் கேட்பது என்று ஒரு டாக்டர் பெயரைச் சொல்லி வையுங்கள்.

19. எத்தனை லைக் என்று பார்க்காதீர்கள். “டாக்டர் இருக்காங்களா?” என்ற போன் குறைந்ததா, டாக்டர் இல்லாத நாளில் வந்து திரும்பிப் போனவர்கள் குறைந்தார்களா, வெறும் வயிற்றில் வர வேண்டியவர்கள் அப்படியே வருகிறார்களா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிசப்ஷனில் அதே நோட்டை மறுபடி ஒரு வாரம் எழுதச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கேள்விகள் இன்னும் அப்படியே இருக்கின்றனவோ அவற்றுக்கான பதிவை மாற்றி எழுதுங்கள்.

20. ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் உங்கள் நோயாளிகளில் நிறையப் பேர். தனியாக இருக்கும் முதியவர்கள், வீட்டில் ஒரே போனைக் கணவன் வேலைக்கு எடுத்துப் போய்விடும் பெண்கள். இந்த வாரம் என்ன பதிவு போட்டீர்களோ அதை ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு நான்கு இடத்தில் ஒட்டுங்கள்: உங்கள் வாசல் கேட், எதிரில் உள்ள மருந்துக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், கிராமத்துப் பஸ் நிற்கும் இடம். ஆட்டோ அண்ணன்களுக்கு டாக்டர் விடுப்பு தெரிந்துவிட்டால் ஏறும்போதே சொல்லிவிடுவார்கள்.